தபாலில் வந்த துப்பாக்கி

அமெரிக்காவில் இணையத்தில் விலையைக் கட்டினால் துப்பாக்கி வீட்டு வாசலிலேயே வந்து இறங்கும் என்று வகுப்பில் ஒரு நாள் அடித்துப் பேசிவிட்டோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "இல்லை, ஸார், அங்கே இருக்கும் என் அண்ணா கடைக்குப் போய்த்தான் வாங்கினான்" என்றாள். உபாத்தியாயருக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

அன்றிரவு புஸ்தகங்களைப் புரட்டினோம். நாம் சொன்னது ஒரு காலத்தில் வாஸ்தவந்தான். 1963-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் லீ ஹார்வி ஆஸ்வால்டு என்பவன் பத்திரிகை விளம்பரக் கூப்பனைக் கத்தரித்து, பொய்ப் பெயரிட்டு, 21 டாலர் 45 சென்டுக்கு மணியார்டருடன் சிகாகோவுக்கு அனுப்பினான். டல்லாஸ் தபால் பெட்டிக்குத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. விற்றவர் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. நவம்பரில் ஜனாதிபதி கென்னடி மாண்டார். அந்தத் தபால் வழியைச் சட்டம் அடைத்ததோ 1968-இல்!

இப்பொழுது வெளி மாகாணத்து வியாபாரியிடம் இணையத்தில் விலை பேசினாலும், ஆயுதம் உள்ளூரில் லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடந்தான் வரும். அங்கே நேரில் போய்ப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பூர்வ சரித்திரத்தைச் சோதிப்பார்கள். சந்தேகம் தோன்றினால் வியாபாரி மறுத்துவிடலாம். இந்த மனிதரை நமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே மாகாணத்தில் வசிக்கும் இருவர், வியாபாரிகளல்லாதவர்கள், இணையத்தில் அறிமுகமாகி நேரில் கைமாற்றிக்கொண்டால், மத்திய சட்டம் சோதனை கேட்பதில்லை. சில மாகாணங்களே கேட்கின்றன.

மறுநாள் வகுப்பில் தவற்றை ஒப்புக்கொண்டோம். அந்தப் பெண் சந்தோஷப்படவில்லை.

"அண்ணாவுக்குத் துப்பாக்கி எதற்கு, ஸார்?" என்று கேட்டாள்.