உள்ளுறை வெப்பம்

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னாள் மாலை, எம் இல்லத்தில் இட்டலிப் பானை அடுப்பின்மேல் ஏறியிருந்தது. மூடியைத் திறக்குமாறு அன்னையார் பணித்தபோது, எம் தங்கை ஆவிக்கு அஞ்சிப் பின்வாங்கினாள். யாமோ பள்ளியிற் கற்ற சிற்றறிவைத் துணைக்கொண்டு, கொதிநீரும் 100 பாகை, ஆவியும் 100 பாகை. ஆதலின் ஆவிக்கெனத் தனியே அஞ்சுதல் பேதைமை என்று எள்ளினோம். அவள் எம்மை நம்பினாள், மூடியை எடுத்தாள். மறுகணம் அவள் கை கொப்புளித்தது. அன்னையார் அக்கையைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தார். எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறினாரல்லர். அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

எம் கணக்கு எங்ஙனம் பிழைத்தது? விடுமுறை கழிந்தபின், பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவரை வினவினோம். அவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த யோசேப்பு பிளாக் என்னும் அறிஞரைப்பற்றிக் கூறினார். உருகுநிலையை அடைந்த பனி சிறிது வெப்பத்தாலேயே நீராகுமாயின், வெயில் வந்த அன்றே மலைப்பனி முழுதும் உருகி வெள்ளம் பெருகுமன்றோ? அவ்வாறு நிகழாமையை நோக்கிய அவ்வறிஞர், உருகும் பனி சூடேறாமலே மிகுந்த வெப்பத்தை உட்கொள்கின்றது என்று 1761-ஆம் ஆண்டளவில் தெளிந்தார். அதுவே உள்ளுறை வெப்பம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரியும், ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரியும் வேண்டும்.

உட்கொண்ட அவ்வெப்பம் அழிவதில்லை. ஆவி மீண்டும் நீராகுங்கால் முழுதும் வெளிப்படும். ஒரு கிராம் கொதிநீர் 37 பாகையளவிற்கு ஆறும்போது தருவது 63 கலோரியே. அவ்வளவு ஆவியோ தோலிற்பட்டு நீராகும்போதே 540 கலோரியைத் தந்து, அதன்பின் அந்த 63-ஐயும் தரும்; ஏறத்தாழப் பத்து மடங்கு! வெப்பமானி இரண்டிற்கும் ஒரே அளவையே காட்டும். புறத்தே தோன்றும் பொருளோடு அமையாது உள்ளுறையையும் நாடுக என்று செய்யுட்களில் நாள்தோறும் பயிலும் யாம், அடுப்படியில் அதனை மறந்தோம்.

அன்னையார் கலோரி என்னும் சொல்லையும் கேட்டறியார். ஆயினும் அவர் மூடியின் அப்புறத்து விளிம்பையே முதலில் உயர்த்தி, ஆவியைத் தம்மைவிட்டு அகலச் செய்தபின்னரே திறப்பார். அதனை எத்துணை ஆண்டுகள் கண்டும் யாம் கற்றோமில்லை.

அடுத்த விடுமுறையில் தங்கையிடம் இக்கணக்கை எழுதிக் காட்டி, எம் பிழையை ஒப்புக்கொண்டோம். அவள் கையில் இன்னும் வடு இருக்கின்றது. “அப்படியானால் அன்று நான் பயந்தது சரிதானே, அண்ணா?” என்றாள்.

சரியே என்றோம்.