புகைக்குக்கூடவா அந்தஸ்து?

புகையில் உயர்வு தாழ்வு உண்டா என்று யாராவது என்னைக் கேட்டால், "பேஷாக உண்டு" என்றுதான் சொல்வேன். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் நாலு விதமான புகை இருந்தது. நாலுக்கும் நாலு விதமான மரியாதையும் இருந்தது.

திருச்சி உறையூரில் எங்கள் வீடு. கூடத்தை ஒட்டிய அறையில் அப்பாவின் பைப். வாசல் திண்ணையில் தாத்தாவின் சுருட்டு. கொல்லையில், கிணற்றடிக்கும் அப்பால், சித்தப்பாவின் சிகரெட். வாசற்படிக்கு வெளியே, வேப்பமரத்தடியில், விறகுக்காரரின் பீடி. யார் எங்கே நின்று புகைத்தார்கள் என்று பார்த்தாலே போதும், யாருக்கு என்ன அந்தஸ்து என்பது விளங்கிவிடும்.

சுருட்டு எங்கள் ஊர்ப் பெருமை. கப்பலேறிச் சீமைக்குப் போன சரக்கு அது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிற வார்த்தையே நம்முடைய 'சுருட்டு'தான். 1887-ல் கானன் டாயில் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிகிறவர் தரையில் கிடந்த சாம்பலை வைத்தே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்து விடுகிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இதைச் சொல்லத் தவறுவதில்லை. தாத்தாவுக்கு ஹோம்ஸையும் தெரியாது, டாயிலையும் தெரியாது. ஆனால் சாயங்காலம் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து அவர் சுருட்டைப் பற்ற வைத்துவிட்டால், பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். அவர் சாம்பலைத் தட்டுகிற வரையில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சாம்பலுக்கு அவ்வளவு மதிப்பு!

அப்பா கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் கற்பித்தவர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் நினைவாகக் கொடுத்துவிட்டுப் போன பைப் அது. தாத்தா மட்டும் அதைச் 'சுங்கான்' என்பார். டப்பாவைத் திறப்பதும், புகையிலையைக் கிள்ளி அடைப்பதும், கட்டை விரலால் அமுக்குவதும், பற்ற வைப்பதும், அது அணைந்து போவதும், மறுபடி பற்ற வைப்பதுமாக, அரைமணி நேரப் பூஜை அது. பாதி நேரம் அதில் நெருப்பே இருக்காது. இருந்தாலும் பைப்பும் வாயுமாக அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தாரானால், "அப்பா யோசிக்கிறார்!" என்று வீடே அடங்கிவிடும். மளிகைக் கடை பாக்கியைத்தான் யோசித்தாரோ என்னவோ, யார் கண்டது? சுவரில் ஐன்ஸ்டைன் படம் மாட்டியிருந்தது. அவர் கையிலும் பைப். பற்றாக்குறைக்குச் சினிமா வேறு. பங்களா மாடிப்படியில் பட்டு அங்கியும் பைப்புமாக இறங்கி வருகிறவர் கதாநாயகியின் தகப்பனார். இருட்டுச் சந்தில் பீடியை உறிஞ்சுகிறவன் திருடன். படம் தொடங்கி ஐந்து நிமிஷத்துக்குள் எங்களுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிடும்.

சித்தப்பா பாவம். பி.ஏ. தேறிவிட்டு உத்தியோகம் தேடிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டு, வாயில் நாலு ஏலக்காயைப் போட்டு மென்றுகொண்டு வருவார். பாட்டியின் மூக்கை ஏமாற்ற முடியுமா? "குட்டிச்சுவராப் போயிட்டான்!" என்று அன்றைய சமையல் முடிகிற வரையில் அர்ச்சனை நடக்கும்.

விறகுக்காரருக்கு அந்த அர்ச்சனை கிடைக்கிற யோக்கியதைகூட இல்லை. காதில் ஒரு பீடியைச் செருகிக்கொண்டு, தலைச்சுமையோடு வருவார். "அந்த நாற்றத்தோடு உள்ளே வராதே. வாசலிலேயே போட்டுவிட்டுப் போ" என்பார் அப்பா. சொல்லும்போது பைப்பை வாயிலிருந்து எடுக்க மாட்டார்.

இப்படி இருக்கையில் 1964-ஆம் வருஷம் பிறந்தது. ஜனவரி 11-ந் தேதி அமெரிக்க சர்க்காரின் தலைமை மருத்துவ அதிகாரி, சிகரெட்டினால் நுரையீரலில் புற்றுநோய் வருகிறது என்று அறிக்கை வெளியிட்டார். பத்திரிகையில் படித்த அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தாயா, சிகரெட்டைத்தான் சொல்லியிருக்கிறான்!" என்று சித்தப்பாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உபதேசம் செய்தார். பைப் பிடிக்கிறவர்களுக்கு உதட்டில் புற்றுநோய் வருகிறது என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த வருஷம் அமெரிக்காவிலேயே ஏராளமான பேர் சிகரெட்டை விட்டுவிட்டுப் பைப்புக்கும் சுருட்டுக்கும் மாறினார்களாம். ஆகவே அப்பாவை மட்டும் குற்றம் சொல்வானேன்?

அடுத்த வாரமே தை பிறந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் மின்சார இலாகாவில் இன்ஜினீயர். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆயிற்று. அவர்கள் போன பிறகு அக்கா காப்பி டம்ளர்களை அலம்பிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். எனக்குப் பன்னிரண்டு வயதுதான் என்றாலும், அந்த முணுமுணுப்புக்கு அர்த்தம் தெரிந்தது.

அப்பா பைப்பை அடைத்துக்கொண்டே சொன்னார்: "விரல் நுனியைக் கவனித்தாயா? மஞ்சளாக இருக்கிறது. பையன் சிகரெட் பிடிக்கிறவன். வேண்டாம்."

அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எதிர்த்துப் பேசி அறியாதவள்.

"சிகரெட் பிடிக்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுக்கக் கூடாதோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கூடாது!"

"எங்கப்பாவுக்கு அது தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவின் பைப் அன்று வெகு நேரம் பற்றிக்கொள்ளவே இல்லை. இருந்தாலும் மறுநாள், "ஜாதகம் பொருந்தவில்லை" என்று அவர்களுக்குக் கடிதம் போயிற்று. மறு வருஷம், புகைபிடிக்காத மாப்பிள்ளையாகப் பார்த்து அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. தலை தீபாவளிக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அத்திம்பேர் மணிக்கொரு தடவை வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்று. அதில்தான் புகை வராதே! ஆகவே யாரும் விசாரிக்கவில்லை. எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அக்கா ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: "விரல் மஞ்சள்தானேடி? எலுமிச்சம்பழம் தேய்ச்சா போயிருக்கும்."

1971-ல் எனக்குக் கல்யாணமாகித் திருநெல்வேலிக்குப் போனேன். பீடி எப்படிப் பிறக்கிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். மேலப்பாளையம் பக்கம் வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலால் கட்ட வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென்று 1966-ல் தனிச் சட்டமே வந்திருந்தது. ஆனால் மூக்கில் ஏறுகிற தூளைச் சட்டம் தடுக்குமா? பேசும்போதே இருமுவார்கள். வாழ்நாளில் ஒரு பீடியையும் வாயில் வைத்தவர்கள் அல்ல.

பீடி ஏழையின் சாமான், சின்னதுதானே என்று நினைக்கிறோம். ஒரு சிகரெட்டில் இருக்கிற புகையிலையில் கால் பங்குதான் அதில் இருக்கும். ஆனால் அந்த இலையில் நெருப்பு நிற்காது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே உள்ளே போகிற நஞ்சு சிகரெட்டுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

மறு வருஷம் அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்தியிருக்கும் என்று மூன்று மாதம் விட்டுவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னபோது, அப்பா தர்க்க சாஸ்திர முறையிலேயே வாதாடினார்.

"நான் புகையை உள்ளே இழுப்பதே கிடையாதே, டாக்டர்?"

"உள்ளே போகாத புகை எங்கே ஸார் தங்கும்? வாயில்தானே?" என்றார் டாக்டர்.

அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. பைப், சுருட்டு இவற்றின் புகை காரமானது. சிகரெட் புகையைப் போல நெஞ்சுக்குள் இழுக்காமலே, வாயிலிருந்தே நிகோடின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. சிகரெட் அதிகமாக நுரையீரலைத் தேடிப் போகிறதென்றால், பைப்பும் சுருட்டும் உதட்டையும் நாக்கையும் தொண்டையையும் பிடித்துக்கொள்கின்றன. மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃபிராய்டு சுருட்டுப் பிரியர். 1923-ல் அவர் வாயில் புற்றுநோய் கண்டது. 1939-ல் இறக்கிற வரையில் முப்பதுக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் செய்துகொண்டார். அவர் எழுதிய புத்தகங்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தன. இந்தக் கதை மட்டும் எங்களுக்கு அப்போது தெரியாது.

நாக்கில் சிகிச்சை செய்த பிறகு அப்பாவால் பேச முடியவில்லை. மடியில் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுவார். பிரசவத்துக்கு நான் வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. ஒரு நாள் விறகுக்காரர் சமாசாரம் கேள்விப்பட்டு வந்து, பழக்கப்படி வேப்பமரத்தடியிலேயே நின்றார். "ஐயா எப்படி இருக்காங்கம்மா?" என்று அங்கிருந்தபடியே கேட்டார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். அப்பா சிலேட்டில் எழுதினார்: 'உள்ளே வரச் சொல்.'

அவர் கூடத்தில், சுவரோரமாக வந்து உட்கார்ந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஒருவரால் பேச முடியாது. இன்னொருவருக்கு இருமல் விடவில்லை. போகும்போது காதிலிருந்த பீடியை எடுத்து, தெருவில் எறிந்துவிட்டுப் போனார். மறுநாள் இன்னொன்று வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பழக்கம் லேசில் விடுகிறதா? 1974-ல் அப்பா போய்விட்டார்.

அம்மா இருந்தாள். அவளுடைய இருமலும் இருந்தது. புகைபிடிக்காத மனைவிமார் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்து, பதினாலு வருஷம் கவனித்து, ஹிராயாமா என்கிற ஜப்பானிய டாக்டர் 1981-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அதிகமாகப் புகைக்கிறவர்களின் மனைவிமாருக்கும் நுரையீரல் புற்றுநோய் அதிகமாக வருகிறது என்பது அதன் முடிவு. நான் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"இதுக்கு ஜப்பானுக்கா போகணும்? உங்கப்பா ரூம்ல ஒரு நாள் புடவை மடிச்சு வெச்சாத் தெரிஞ்சிருக்குமே!" என்றாள்.

வாஸ்தவந்தான். அடுப்பங்கரையில் விறகுப் புகை. அங்கிருந்து வெளியே வந்தால் பைப் புகை. அவள் இருமலில் எந்தப் புகைக்கு எவ்வளவு பங்கு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் கேவலமாக நினைத்த பீடிப் புகை வேப்பமரத்துக் காற்றோடு போய்விட்டது. திட்டித் துரத்திய சிகரெட் புகை கொல்லையோடு நின்றது. திண்ணைச் சுருட்டுகூட பாதி தெருவுக்குப் போயிற்று. எந்தப் புகைக்கு நாங்கள் அதிக மரியாதை கொடுத்தோமோ, அதை மட்டுந்தான் கூடத்துக்குள் வைத்துப் பூட்டி, குழந்தை குட்டிகளோடு சேர்ந்து சுவாசித்தோம். மரியாதைதான் எங்களுக்கு வினையாக வந்தது!

2008 அக்டோபர் 2 முதல் நம் நாட்டில் பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் நம் வீட்டுக் கூடம் பொது இடமல்லவே! அங்கே விதி செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

அப்பாவின் பைப் வெகு காலம் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. போன மாதம் பேரன் அதை எடுத்துப் பார்த்தான். "பாட்டி, ரொம்ப ஸ்டைலா இருக்கே!" என்று வாயில் வைத்துக் கண்ணாடி முன்னால் நின்றான். அவன் கல்லூரியில் சில பையன்கள் பழ வாசனை வருகிற மின்சாரச் சிகரெட்டை ஒளித்து வைத்துப் பிடிக்கிறார்களாம். 2019-லேயே சட்டம் போட்டுத் தடுத்த சரக்கு அது. "அது பீடி மாதிரி இல்லை பாட்டி, டீசென்ட்டா இருக்கும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா சொன்ன அதே வார்த்தை! நான் அவனை உட்கார வைத்து இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். சிலேட்டு வரைக்கும் வந்ததும் அவன் பைப்பை மெதுவாகக் கீழே வைத்தான்.

அலமாரியில் அந்த இடத்தில் இப்போது அம்மாவின் படம் இருக்கிறது.