புறப்பட்ட இடத்திற்கே ஒரு பிரயாணம்

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில், டேடன் நகரிலிருந்து சுமார் எட்டு மைல் தொலைவில், ஹஃப்மன் புல்வெளி என்று ஓர் இடம் இருக்கிறது. காண்பதற்கு அங்கே அதிகம் ஒன்றுமில்லை. 84 ஏக்கர் புல்தரை. ஒரு மரக் கொட்டகை. அந்தக் கொட்டகையும் பழையதைப் போல் பிற்காலத்தில் கட்டப்பட்டதே. ஆயினும் ஆகாயத்தில் பறக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் தரிசிக்கத்தக்க ஸ்தலம் அது.

"ரைட் சகோதரர்கள் பறந்தது கிட்டி ஹாக்கில் அல்லவா?" என்று நேயர்கள் கேட்கலாம். மெய்தான். 1903 டிசம்பர் 17-ஆம் தேதி அந்த மணல்வெளியில் அவர்கள் நான்கு முறை பறந்தார்கள். முதல் முறை 12 விநாடி. கடைசி முறை 59 விநாடி. ஆனால் அவையெல்லாம் நேராக எழும்பி நேராகவே இறங்கியவை. போனவன் வீடு திரும்பினால்தானே அது பிரயாணம்? திரும்பி வரும் வித்தையை அச்சகோதரர்கள் பயின்ற பள்ளிக்கூடம் இந்தப் புல்வெளியேயாகும்.

நிலத்துக்குச் சொந்தக்காரரான வங்கி முதலாளி வாடகை கேட்கவில்லை. பறப்பதற்கு முன் மாடுகளையும் குதிரைகளையும் அப்பால் ஓட்டிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். 1904 செப்டம்பர் 20-ஆம் தேதி வில்பர் ரைட் முதன்முதலாக ஒரு முழு வட்டம் சுற்றி வந்தார். 1 நிமிஷம் 36 விநாடி பறந்தார். அதை நேரில் கண்ட அமோஸ் ரூட் என்பவர், தாம் நடத்திவந்த தேனீ வளர்ப்புப் பத்திரிகையில் 1905 ஜனவரியில் அதை வர்ணித்து எழுதினார். பெரிய பத்திரிகைகள் கோட்டைவிட்ட செய்தி தேனீக்களின் பத்திரிகைக்குக் கிடைத்தது!

சென்ற கோடையில் அப்பிரதேசத்துக்குப் போயிருந்தேன். அங்கே வசிக்கும் என் தமையனார் குமாரன் விமானம் ஓட்டப் பயில்கிறான். பக்கத்திலுள்ள ஒரு சிறிய விமானத் திடலில் நடக்கும் தன் பாடத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றான். நால்வர் அமரக்கூடிய ஸெஸ்னா விமானம். முன்னால் இடப்புறம் அவன், வலப்புறம் அவனுடைய ஆசிரியை, பின்னால் நான். ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவதுதான் அன்றையப் பாடம்.

காற்றை எதிர்த்து ஓடி எழும்பினோம். இடப்பக்கம் ஒரு திருப்பம். சிறிது தூரம் சென்றதும் மறுபடி ஒன்று. இப்போது தரைக்கு மேல் 1,000 அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம். நம் கோயில்களில் வலமாகப் பிரதக்ஷிணம் செய்கிறோம். இவர்களோ இடமாகச் சுற்றுகிறார்கள். விமானி இடப்புறம் அமர்வதால், அப்படிச் சுற்றினால்தான் ஓடுபாதை அவன் பார்வையிலேயே இருக்குமாம்.

அந்தத் திடலில் உத்தரவிடுவதற்குக் கோபுரமும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஒவ்வொரு விமானியும் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் அறிவிக்கிறான். முன்பின் அறியாத மனிதர்கள் ஒரே வழியில், ஒரே உயரத்தில், ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். போலீஸ்காரர் இல்லாத நாற்சந்தியில் இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை.

ஓடுபாதையின் முனை நேர் பக்கத்தில் வந்ததும் அவன் எஞ்சினின் வேகத்தைத் தணித்தான். மூன்றாவது திருப்பம் முடிந்தது. நான்காவது திருப்பத்தின் முடிவில் விமானம் ஓடுபாதைக்கு நேராக அமையவேண்டும். காற்று தள்ளிவிட்டதால் நேர்கோட்டைத் தாண்டிவிட்டோம். எப்படியாவது சேர்த்துவிடலாம் என்று அவன் மூக்கை உயர்த்தி, இன்னும் இறுக்கித் திருப்பப் பார்த்தான்.

"வேண்டாம். மூக்கைத் தாழ்த்து. இன்னொரு சுற்று போவோம்" என்றார் ஆசிரியை. குரலில் பதற்றமே இல்லை. எஞ்சின் முழங்கிற்று, மீண்டும் மேலே ஏறினோம்.

கீழே வந்தபின் அவர் காரணத்தை விளக்கினார். வேகம் குறைந்திருக்கும்போது மூக்கைத் தூக்கி இறுக்கித் திருப்பினால் இறக்கையைக் காற்று தாங்காது; ஒரு பக்கம் சரிந்து விமானம் சுழன்று விழும். உயரே நேர்ந்தால் சமாளிக்கலாம். கடைசித் திருப்பத்தில் நேர்ந்தால் சமாளிப்பதற்கு உயரம் ஏது? அனுபவசாலிகளும் உயிரிழக்கும் இடம் அது என்றார்.

இதே பாடத்தை ஆர்வில் ரைட் 1905 செப்டம்பர் 28-ஆம் தேதி ஹஃப்மன் புல்வெளியில் கற்றார். முள் மரம் ஒன்றைச் சுற்றித் திரும்புகையில் ஓர் இறக்கை தாழ்ந்தது. என்ன செய்தும் எழவில்லை. இறங்கிவிடலாம் என்று மூக்கைத் தாழ்த்தினார். உடனே இறக்கை நிமிர்ந்தது! தரை நெருங்கும்போது மூக்கைத் தாழ்த்த மனித மனம் எளிதில் இசைவதில்லை. ஆனால் உயிர் காக்கும் வழி அதுவாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 5-ஆம் தேதி, வில்பர் அதே வெளியைச் சுற்றிச் சுற்றி 39 நிமிஷத்தில் 24 மைல் பறந்தார்.

"மறுபடி எழுது" என்று நான் சொன்னால் வகுப்பில் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். இன்னொரு சுற்று போவதை அந்தத் திடலில் யாரும் இழிவாக எண்ணவில்லை. இரண்டாம் சுற்றில் என் தமையனார் குமாரன் மெத்தென்று இறங்கினான். ஆசிரியை அவனைப் பாராட்டியது அந்த இறக்கத்துக்காக அன்று; முதல் சுற்றில் இறங்காமல் விட்டதற்காகவே.