நீ தூங்கினியா?

நோயாளிக்கு என்ன கொடுக்கலாம் என்று சொல்ல நம் சொந்தத்தில் நூறு பேர் உண்டு. முள்சீத்தாப் பழம், கோதுமைப்புல் சாறு, யாரோ ஒரு கேரளா வைத்தியர்... கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. போன வருஷம் எங்கள் பெங்களூர் வீட்டில் அம்மாவின் கடைசி மூன்று மாதங்களில் தெரிந்துகொண்டதை, ஊரை விட்டு வந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி கீமோவால் பயனில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். "குழாய் எல்லாம் வேண்டாம்டா" என்று அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். வாரம் ஒரு முறை வலி நிவாரணக் குழுவிலிருந்து ஒரு நர்ஸ் வருவார். வந்த முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி அம்மாவிடம் இல்லை, தங்கமணியிடம். மலையாளம் கலந்த தமிழில், "நேத்து ராத்திரி எத்தனை மணிக்கூர் உறங்கினீங்க?"

தங்கமணிக்குப் பதில் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

பகலை எப்படியாவது தள்ளிவிடலாம். வேலைக்கார அம்மா வருவார், பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்ப்பார். ராத்திரிதான் ஆளைக் கொல்லும். புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நாலு மணிக்கொரு முறை மார்ஃபின். வறண்ட வாயை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். நர்ஸ் டாக்டரிடம் பேசினார். படுக்கும் முன் கொடுக்கும் மார்ஃபினை டாக்டர் இரண்டு மடங்காக மாற்றி எழுதிக் கொடுத்தார். நடு ராத்திரி டோஸ் தேவையில்லாமல் போயிற்று. சின்ன மாற்றம்தான், ஆனால் அதற்கு யாராவது கேட்க வேண்டியிருந்தது!

பிறகு டெல்லியிலிருந்து அண்ணா வந்தார். வந்ததும் வராததுமாக, "இப்படியே விட்டுட்டீங்களே, டிரிப்ஸாவது ஏத்தக் கூடாதா? ஐசியூல சேர்க்கலாமே?" தங்கமணி ஒன்றும் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அன்று மாலை வந்த டாக்டர் கோபப்படவில்லை. இதற்கு 'கலிபோர்னியா மகள்' என்றே ஒரு பெயர் இருக்கிறது, 1991-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்திருக்கிறது என்றார். தூரத்தில் இருக்கும் பிள்ளை கடைசி நேரத்தில் வந்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது. பாசம் இல்லாமல் இல்லை, கூட இருக்க முடியாத தவிப்பு அப்படி வெளியே வருகிறது. உடம்பு அடங்கும்போது பசியும் அடங்கும், வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போகலாம், டிரிப்ஸ் நீர் கோத்துக்கொள்ளலாம் என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில், "உங்க அம்மாவுக்கு ஐசியூ வேண்டாம். ராத்திரி பத்திலிருந்து ரெண்டு வரைக்கும் ஒரு ஆள் வேணும்" என்றார்.

அண்ணா டிக்கெட்டை ரத்து செய்தார். பதினோரு ராத்திரி அவர்தான் விழித்திருந்தார். பன்னிரண்டாம் நாள் விடியற்காலை அம்மா போனார், அண்ணா கையைப் பிடித்தபடி.

நீங்கள் இருக்கும் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பெங்களூரில் கருணாஷ்ரயா 1999-லிருந்து புற்றுநோய் முற்றியவர்களைக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறது. மும்பை பாந்த்ராவில் 1986-ல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன்தான் நாட்டின் முதல் ஹாஸ்பிஸ். டெல்லியில் கேன்சப்போர்ட் குழுவினர் வீட்டுக்கே வருகிறார்கள்.

ஊரில் அண்ணியோ தங்கையோ அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தால், போனில் "அப்பா சாப்பிட்டாரா?" என்பதற்கு முன்னால் "நீ தூங்கினியா?" என்று கேளுங்கள். பணம் அனுப்புவதாக இருந்தால் ராத்திரிக்கு ஒரு ஆள் போட என்று சொல்லி அனுப்புங்கள். லீவு இருந்தால் காரியத்துக்கு என்று சேர்த்து வைக்காமல் இப்போதே போய் நாலு ராத்திரி விழித்திருங்கள்.

அம்மா போன பிறகு எனக்கும் அண்ணாவுக்கும் ஆறுதல் சொல்லப் பலர் வந்தார்கள். மருமகளைக் கேட்டவர்கள் குறைவு. ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக எழுந்து உட்காருவாள் தங்கமணி. காரியம் எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்த நர்ஸ் மறுபடி வந்தார். மருந்துப் பை இல்லை. ஒரு மணி நேரம் தங்கமணி பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்.