ஆறு பல்லும் சேர்ந்து இழுக்க வேண்டும்

ஜூன் பிறந்துவிட்டால் சித்தூரில் மாங்காய் வாசனை தெருவெல்லாம் நிற்கும். கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் நாம் சொல்லும் தோத்தாபுரியை ஏற்றிக்கொண்டு, கூழ்த் தொழிற்சாலை வாசல்களில் டிராக்டர்கள் வரிசைகட்டும். எங்களைப் போன்ற லேத் பட்டறைக்காரர்களுக்கும் அதுதான் சீசன். உள்ளே ஒரு மிஷின் நின்றால், வெளியே வரிசையில் நிற்கிற விவசாயியின் பழம் வெயிலில் அழுகும். அதனால் ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ராத்திரியில்தான் அந்த ஸ்லீவ் வந்தது. கூழ் மிஷினின் தண்டையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற, உள்ளங்கைக்குள் அடங்கும் உருளை. உள்ளே ஆறு பல், ஸ்ப்ளைன் என்போம். ஆறும் தேய்ந்து, தண்டு வழுக்கிக்கொண்டிருந்தது.

“அண்ணா, இந்த மாடலை கம்பெனியே நிறுத்திட்டாங்க. நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள வேணும்” என்றார் ஃபிட்டர்.

தண்டின் மேல் பல் வெட்டுவது பெரிய காரியமில்லை. மில்லிங்கில் ஏற்றினால் முடிந்தது. துளைக்கு உள்ளே வெட்டுவதுதான் சோதனை. சுழலும் கட்டர் நுழைய அங்கே இடமில்லை. பெரிய கம்பெனிகள் இதற்கு ப்ரோச் வைத்திருக்கின்றன. நீளமான கம்பியில் ஒன்றைவிட ஒன்று துளி உயரமாகப் பற்கள் வரிசையாக இருக்கும். துளை வழியாக ஒரே இழுப்பு. ஆறு பள்ளமும் சில நொடிகளில் தயார். ஆனால் ஒரு அளவுக்கு ஒரு ப்ரோச். ஆயிரக்கணக்கில் செய்கிறவருக்குக் கட்டுப்படியாகும். ஒற்றை ஸ்லீவுக்காக நான் எங்கே வாங்குவது?

என்னிடம் இருந்தது ஒரு லேத். ஈ.என்.8 எஃகுக் கம்பியில் 28 மி.மீ. துளை போட்டேன். பள்ளத்தின் அடி 34 மி.மீ. விட்டத்தில் வரவேண்டும், அகலம் 7. போரிங் பாரில் டூல்பிட்டைப் பக்கவாட்டில் மாட்டி, மெயின் சுவிட்சை அணைத்து, சக்கைப் பூட்டிவிட்டு, கேரியேஜைக் கையாலேயே முன்னே தள்ளிச் சீவினேன். ஒரு தள்ளுக்கு 0.05 மி.மீ.க்கு மேல் கொடுத்தால் டூல் திணறும். 3 மி.மீ. ஆழத்துக்கு 60 தள்ளு. ஆறு பள்ளத்துக்கு 360. முதலில் ஒடுக்கமான டூலால் வழி எடுத்து, பிறகு அகலப்படுத்த வேண்டும் என்பதால் எண்ணிக்கை அதற்கும் மேலே போனது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் டூலைச் சற்று விலக்காவிட்டால் முனை உடையும். விடியும்போது தோள் மரத்திருந்தது.

தப்பு உழைப்பில் நடக்கவில்லை, பிரிப்பதில் நடந்தது. சக்கின் விளிம்பில் காகிதப் பட்டையைச் சுற்றி, ஆறாக மடித்து, சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். ஒரு கோடு 1 மி.மீ. தள்ளிப்போனது. 200 மி.மீ. சக்கில் 1 மி.மீ. என்றால், 34 மி.மீ. வட்டத்தில் 0.17. தண்டு ஒரு பல்லில் இடித்தது. அந்தப் பள்ளத்தின் பக்கச் சுவரை மட்டும் அரத்தால் ராவினேன், தண்டு நுழைந்தது. கொடுத்தனுப்பிவிட்டேன். நாலாம் நாள் ஸ்லீவ் திரும்பி வந்தது.

அதனால் மிஷின் நின்ற அரை நாளில் வரிசையில் நின்ற விவசாயிகளின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

அன்றைக்கு அவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். நான் கெட்டுப்போன ஸ்லீவைத் துணியில் சுற்றிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். அங்கே ரயில்வேயின் பெட்டிப் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர் இருந்தார். எனக்குத் தொழிலில் பெரியவர். அவர் ஸ்லீவை வெளிச்சத்தில் பிடித்து விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

“தம்பி, இங்க பாரு. இந்த ஒரு பல்லோட சுவர்தான் நசுங்கியிருக்கு. மத்த அஞ்சுல உன் டூல் கீறின கோடு அப்படியே இருக்கு. ஒருத்தன் சுமந்திருக்கான், அஞ்சு பேரு கூட நடந்திருக்காங்க.”

பிறகு அவர் சொன்னதை என்னால் மறக்கவே முடியாது. “பிரம்மோற்சவத்துல பெருமாள் வாகனத்தை தோள்ல ஏத்தறவங்களைப் பார்த்திருப்பியே. தோள் உயரம் ஒத்துப்போகலைன்னா, எத்தனை பேர் இருந்தாலும் பாரம் ஒருத்தர் மேலதான் இறங்கும்.”

பிரிக்கும் வழியையும் அவர்தான் காட்டினார். அதற்குக் காசு தேவையில்லை, பள்ளிக்கூடத்துக் கணக்குப் போதும். காம்பஸில் வட்டம் போட்டு, அதே அளவைக் கலைக்காமல் வட்டத்தின் மேல் எட்டு வைத்தால் சரியாக ஆறு எட்டில் புறப்பட்ட இடத்துக்கு வந்துசேரும். அதைத் தகரத்தில் பெரிதாகச் செய்யச் சொன்னார். 300 மி.மீ. ஆரமுள்ள தட்டில் அரை மி.மீ. பிசகினாலும், பல் இருக்கும் 17 மி.மீ. ஆரத்தில் அது 0.03-க்கும் குறைவு. பெரிய வட்டத்தில் செய்த பிழை சின்ன வட்டத்தில் சுருங்கிவிடும். தட்டை ஸ்பிண்டிலின் பின்முனையில் மாட்டி, எப்போதும் ஒரே திசையில் திருப்பிப் பூட்ட வேண்டும். 60 பல் கியர் பொருந்துமானால் இன்னும் சுலபம். பத்துப் பத்துப் பல்லாக எண்ணினால் ஆறு.

அந்தத் தட்டை வைத்து வெட்டிய ஸ்லீவில், தண்டுக்கு நீல மை தடவி நுழைத்துப் பார்த்தேன். ஆறு சுவரிலும் மை ஒன்றுபோல் ஒட்டியிருந்தது. தண்டை ஒவ்வொரு பல்லாகத் தள்ளி ஆறு நிலையிலும் மாட்டினேன்; எங்கும் இடிக்கவில்லை. அதன் பிறகுதான் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் வேலை வந்ததும் லேத்தில் கை வைப்பதில்லை. முதலில் ஸ்பேர் கடையில் விசாரிக்கிறேன். டிராக்டரிலிருந்து மற்றக் கருவிகளுக்குச் சக்தி எடுக்கும் பி.டி.ஓ. தண்டுக்கான 1⅜ அங்குல, ஆறு பல் ஸ்லீவ் ரெடிமேடாகவே கிடைக்கும். அளவு ஒத்துவந்தால் வெளிப்புறத்தைக் கடைந்து, புதிய உடம்பில் இறுக்கி வெல்டிங் வைத்துவிடலாம். சூடு பல்லுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதைவிட மலிவான வழி கிடையாது. ஷேப்பிங் மிஷினும் டிவைடிங் ஹெட்டும் உள்ளவர்கள் கையால் தள்ள வேண்டியதில்லை. 40-க்கு 1 ஹெட்டில் ஆறு முழுச் சுற்றும், 18 துளை வட்டத்தில் 12 துளையும் நகர்த்தினால் அடுத்த பள்ளம்.

கடினப்படுத்திய இரும்பாக இருந்தால், மெல்லிய கம்பியில் மின்பொறியால் வெட்டும் வயர்கட்டுக்கு அனுப்புகிறேன். பழைய என்.எச்.4-இல் இருக்கிற எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் சென்னை அம்பத்தூர், மறுபக்கம் பெங்களூரு பீன்யா என இரண்டு தொழிற்பேட்டைகள். காலையில் பார்சல் போட்டால் போதும். வெட்டுகிற பரப்புக்குத்தான் கூலி. எங்கள் ஸ்லீவின் உள்சுற்று சுமார் 125 மி.மீ., நீளம் 50. ஆக 6,250 சதுர மி.மீ. கணக்கு முன்பே தெரிவதால் வாடிக்கையாளரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல முடிகிறது. ஒரே அளவு அடிக்கடி வந்தால், ஒரு பள்ளத்துக்கான சின்ன ப்ரோச்சும் வழிகாட்டி புஷ்ஷும் செய்து, கைப்பிரஸ்ஸில் அழுத்தி, ஒவ்வொன்றாகத் திருப்பி வெட்டலாம்.

எந்த வழியில் போனாலும் பெரியவர் சொன்னது மாறாது. பல் வெட்டுவதை மிஷின் செய்யும். பாரத்தைச் சமமாகப் பங்கிடுவது நம் பொறுப்பு. ஒரு பள்ளத்தை மட்டும் ராவி நுழைக்கிற வேலையை, எவ்வளவு அவசரமானாலும், என் பட்டறையில் யாரையும் செய்ய விடுவதில்லை.

சிறு பட்டறை நடத்துகிற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஷேப்பிங் மிஷினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பெரிய தகரத் தட்டில் ஆறு துளை போட்டுச் சுவரில் மாட்டிவையுங்கள். நீல மை ஆறு இடத்திலும் ஒட்டியதைக் கண்ணால் பார்க்காமல் எந்த ஸ்லீவையும் கொடுத்தனுப்பாதீர்கள். வெளியே ஒருவருடைய பழம் வெயிலில் நிற்கிறது.