கவுண்டர் 36ஐத் தாண்டியபோது

பிலிம் கமரா வைத்திருக்கிற யாரிடமாவது "முதல் ரோல் எப்படி வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று பேச்சை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் சிரிப்பார்கள். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம். இன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் மூன்று பேர். பதுளைக்கும் பசறைக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்தில், ஒரே லயத்து வாசலில் கிரிக்கெட் அடித்து வளர்ந்தவர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு கமரா. ஒன்று, காசு சேர்த்து செக்கன்ட் ஹேண்டில் வாங்கிய கெனான் 1100டி. மற்றது பென்டாக்ஸ் கே1000, எங்களில் ஒருத்தனின் மாமா கொழும்பில் இருந்து கொண்டுவந்து கொடுத்தது. 1976இல் இருந்து 1997 வரைக்கும் பெரிய மாற்றமே இல்லாமல் செய்து விற்ற மொடல். வெளிச்சத்தைக் காட்டுகிற முள்ளுக்கு மட்டும்தான் பட்டன் பட்டரி வேணும். பட்டரி செத்தாலும் ஷட்டர் அடிக்கும். போகஸ், அப்பச்சர், ஸ்பீட் எல்லாம் நம் கையில்தான். நெம்பை இழுத்து, பட்டனை அழுத்தினால் "சடக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நாங்கள் அந்தக் கமராவோடு ஒட்டிக்கொண்டோம்.

முதல் ரோலை எங்கே கொண்டுபோவது என்று பெரிய விவாதம் நடந்தது. ஒருத்தன் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் என்றான். 1921இல் கட்டிய பாலம், ரயில் வருகிற நேரம் பார்த்து நூறு போன் அதை நோக்கி நீட்டியிருக்கும். இன்னொருத்தன் ஹப்புத்தளையில் லிப்டன் சீட் என்றான். கடைசியில் எங்கள் லயத்து அப்பாயிதான் முடிவு செய்தது.

"எனக்கு ஒரு நல்ல படம் புடிச்சுக் குடுங்கடா. செத்தா மாலை போட்டு வைக்க ஒண்ணுமில்ல."

நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்த மனுஷி. தன் முகம் தெளிவாகத் தெரிகிற படமாக அதனிடம் இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். எங்கள் தோட்டத்தில் பல வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிற படங்கள் இப்படி அடையாள அட்டையில் இருந்து பெரிசாக்கியவைதான். மங்கிப்போய், ஒரு காது வெட்டுப்பட்டு, கண் எங்கேயோ பார்த்தபடி.

அப்பாயி வெள்ளைச் சீலை கட்டி, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது. பன்னிரண்டு படம் எடுத்தோம். மிச்சத்தை மலையில், பெரட்டுக்களத்தில், ஸ்டோர் வாசலில் எடுத்தோம். கவுண்டர் 36க்கு வந்தது. 37, 38. "ஓசியில ரெண்டு படம்டா" என்று சந்தோசப்பட்டோம். 40 தாண்டியபோதுதான் வயிற்றில் ஏதோ செய்தது. திறந்து பார்க்கவும் பயம், வெளிச்சம் பட்டால் உள்ளதும் போய்விடும். ரோலைச் சுற்றிக் கழற்றி, கொழும்புக்கு அனுப்பினோம். இரண்டு கிழமை கழித்து வந்த நெகட்டிவில் ஒரு முகமும் இல்லை. ஓரத்தில் பிலிமின் பெயரும் எண்களும் மட்டும் பளிச்சென்று இருந்தன. அப்படியென்றால் கழுவினதில் பிழை இல்லை. பிலிமின் நுனியைச் சுருளில் சரியாகச் செருகாமல் மூடியிருக்கிறோம். நாங்கள் நெம்பை இழுத்ததெல்லாம் வெறும் இழுப்பு.

ஒவ்வொரு தடவை நெம்பை இழுக்கும்போதும் இடது பக்கத்து ரீவைன்ட் குமிழ் சுற்ற வேணும். சுற்றாவிட்டால் பிலிம் நகரவில்லை. இந்த ஒரு வரி தெரியாததால் ஒரு ரோல் போச்சு.

அப்பாயியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அதுவே எங்களைக் கூப்பிட்டது. சொன்னோம். கோபப்படவில்லை. "எத்தன பேரு மலையில வந்து புடிச்சிட்டுப் போனாங்க. ஒருத்தனும் படம் குடுத்ததில்ல. நீங்களாச்சும் வந்து சொன்னீங்களே" என்றது. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எங்களுக்கு.

அதன் பிறகுதான் பழைய படங்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினோம். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அவர் இங்கே எடுத்தவற்றில் 30க்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. ஒரு படத்தின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பதுதான். எடுத்தவரின் பெயர் உலகத்துக்கே தெரியும், நின்றவர்கள் "கூட்டம்". அதற்குப் பிறகு வந்த போஸ்ட்கார்ட், தேயிலைப் பெட்டி, சுற்றுலாப் புத்தகம் எல்லாவற்றிலும் கூடையோடு சிரிக்கிற ஒரு பெண் இருக்கிறார். அவருக்கும் பெயர் இல்லை.

அப்பாயியின் ட்ரங்குப் பெட்டிக்குள் இன்னொரு படம் இருந்தது. பதுளை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் அப்பாயியின் அக்கா குடும்பம் நீலகிரிக்குப் போனது. போவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து எடுத்த படம் அது. அக்கா முகம் நன்றாக இருக்கிறது. அப்பாயி நின்ற மூலையை ஈரம் தின்றுவிட்டது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை ஊவாவில் யாரும் மறக்கமாட்டோம். உயிர் போன இடத்தில் படத்தைப் பற்றிப் பேசுவது சின்ன விசயம்தான். ஆனால் இறந்தவரின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட மிஞ்சாமல் போவது சின்ன விசயம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது தடவை டிஜிட்டலை எடுத்துக்கொண்டு போனோம். அன்றைக்கு மலை முழுக்க மிஸ்ட். பின்னால் வெள்ளை வெளேரென்று இருந்தால் கமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், கறுத்த முகம் இன்னும் கறுத்துவிடும். பிலிம் காலத்தில் இது இன்னும் மோசம். கொடாக் கம்பெனி கலர் சரிபார்க்க லெப்களுக்கு அனுப்பிய அட்டையில் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். எங்கள் முகம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஒரு ஸ்டொப் கூட்டி எடுத்தோம். நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, காலம் பூராவும் கூடைக் கயிறு அழுத்திய தலைமாட்டுத் தழும்பு, எல்லாம் வந்தது.

ஸ்க்ரீனில் காட்டினோம். அப்பாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது சரி. காயிதத்துல எப்ப வரும்?" என்றது.

பிலிமா, டிஜிட்டலா என்று நாங்கள் இராத்திரி இராத்திரியாகச் சண்டை பிடித்த கேள்வி அந்த இடத்தில் கொஞ்சம் அடங்கிப்போனது. டவுனில் மூன்று பிரதி அடித்து லெமினேட் பண்ணிக் கொடுத்தோம். ஒன்று சுவருக்கு, ஒன்று பெட்டிக்கு, ஒன்று நீலகிரிக்கு.

இப்போது எங்களிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. யாரைப் படம் எடுத்தாலும் பெயர், லயம், திகதி எழுதுகிறோம். படம் கொடுத்த பிறகு பக்கத்தில் ஒரு சரி போடுகிறோம். இதை எழுதுகிற இன்றைக்கு இன்னும் 17 பேருக்குக் கொடுக்க இருக்கிறது.

கே1000ஐ விடவில்லை. அரிசி டின்னுக்குள் சிலிக்கா ஜெல் பக்கெட்டுகளோடு கிடக்கிறது, லென்சில் பூஞ்சணம் பிடிக்காமல். போன மாசம் புது ரோல் போட்டோம். நெம்பை இழுக்கும்போது மூன்று பேரும் குனிந்து அந்தக் குமிழைத்தான் பார்த்தோம். சுற்றியது.