ஒன்றரை அங்குலம்

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)

"உன் புராஜெக்ட் பத்தி மலருக்கு ரெண்டு பக்கம் எழுதுடா" என்று மலர்க்குழு நண்பன் கேட்டபோது முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். எழுதிப் பழக்கமில்லாத கை இது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். பேப்பரில் எழுதுவதை விட, சுவரில் கரிக்கட்டையால் கணக்குப் போடுவதில்தான் அவர் கெட்டிக்காரர். ஆனால் யோசித்துப் பார்த்ததில், இதை எழுதாமல் விட்டால் தப்பு என்று பட்டது.

புராஜெக்டுக்கு எல்லா பேட்சும் தலைப்புத் தேடி அலைந்த நேரம். ஒரு பேட்ச் கல்யாண மண்டபம், இன்னொரு பேட்ச் மேல்நிலைத் தொட்டி. நாங்கள் எடுத்தது "காயம்பட்டுத் திரும்பும் ராணுவ வீரர்களுக்கான தங்கும் மறுவாழ்வு இல்லம்". வகுப்பே சிரித்தது. "பட்டாளத்துக்காரனுக்கு கவர்மென்ட் கட்டும்டா, நீ எதுக்கு?" என்றான் ஒருத்தன்.

நமக்கு வேலூர்ப் பக்கம். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு எங்கள் பக்கத்தில் குறைவு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். எங்கள் அத்தையின் வீட்டுக்காரரும் பட்டாளம்தான். 2019-ல் மலைப்பாதையில் அவர் போன வண்டி பள்ளத்தில் உருண்டுவிட்டது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி, பயிற்சி என்று வடக்கே இருந்தார். அங்கே கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரே மாறுவார், அவரே குளிப்பார், அவரே துணி துவைப்பார் என்று போனில் அத்தை பெருமையாகச் சொல்லும். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

புராஜெக்டுக்காக லைப்ரரியில் உட்கார்ந்து தேடியபோதுதான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பெல்லாம் தண்டுவடம் அறுந்த சிப்பாய் என்றால், கொஞ்ச நாளில் செத்துவிடுவான் என்றே டாக்டர்கள் கைவிட்டார்களாம். ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்து போன லுட்விக் குட்மன் என்ற டாக்டர், 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இவர்களுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார். அவர் செய்த முதல் காரியம் ரொம்பச் சாதாரணமானது. படுக்கைப் புண் வராமல், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒரு தரம் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார். அப்புறம் அவர்கள் கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் பதினாறு பேர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அம்பு விட்டார்கள். பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நம் நாட்டிலும் இருக்கிறது. புனே அருகே கட்கியில் தண்டுவடம் பாதித்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் நடக்கிறது. 1965 யுத்தத்தில் குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், 1972-ல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கினார். 2018-ல்தான் அவருக்குப் பத்மஸ்ரீ! (நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கும் போன வருஷம் வரை தெரியாது.)

பிளான் போட்டோம். தரைத்தளம் மட்டும். படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் கதவு திறந்த அளவு மூன்று அடி. நாற்காலி சுற்றித் திரும்ப எல்லா அறையிலும் ஐந்து அடி வட்டம். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளத்தில் ராம்ப். நடு முற்றத்தில் மரங்கள். அமெரிக்காவில் உல்ரிச் என்பவர் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் படித்திருந்தோம். ஆபரேஷன் முடிந்து, ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களை விடச் சீக்கிரம் வீடு திரும்பினார்களாம். வலி மாத்திரையும் குறைவாகக் கேட்டார்களாம். அதனால் எல்லா அறைக்கும் மரத்தைப் பார்த்து ஜன்னல் வைத்தோம். எங்களுக்கே எங்கள் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் காட்டப் போனேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஜன்னல் அடிக்கட்டை எவ்ளோ உசரம் மருமவனே?" என்றார். மூன்று அடி என்றேன். "அப்போ மரத்தை நர்ஸம்மாதான் பாக்கும். படுத்திருக்கறவனுக்கு ஆகாசந்தான் தெரியும்." கட்டில் போட்டிருந்த இடத்தில் விரல் வைத்தார். "தலைமாட்டுல கதவு வெக்காத. யார் வர்றான்னு தெரியணும். முதுகுக்குப் பின்னால சத்தம் கேட்டா எங்களுக்கு அன்னிக்கு தூக்கம் போச்சு." ஜெனரேட்டர் அறையைக் கட்டிடத்தோடு ஒட்டிப் போட்டிருந்தோம். அதையும் தள்ளச் சொன்னார். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே மாமா ஏன் உள் அறைக்குப் போய்விடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கடைசியில் ஷீட்டைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, "எல்லாமே சரியா இருக்குடா. அதான் தப்பு" என்றார்.

புரியவில்லை.

"நான் இருந்த இடமும் இப்படித்தான். எங்க பாத்தாலும் ராம்ப், எங்க பாத்தாலும் அகலக் கதவு. ராஜா மாதிரி இருந்தேன். இங்க வந்து இறங்கினேன் பாரு... டேப்பு வெச்சிருக்கியா? போயி பாத்ரூம் கதவை அள."

அளந்தேன். நிலையின் வெளி அளவு இரண்டரை அடி. இரண்டு பக்கமும் சட்டம் மூன்று மூன்று அங்குலம் போக, உள்ளே இருபத்து நாலு அங்குலம். மாமாவின் நாற்காலி இருபத்தைந்தரை.

ஒன்றரை அங்குலம்!

அந்த ஒன்றரை அங்குலத்துக்காக அவர் வருஷக்கணக்கில் நாற்காலியை வெளியே நிறுத்திவிட்டு, தரையில் இறங்கி, கையை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். உணர்ச்சி இல்லாததால் சிமென்ட் தரை தோலைக் கிழித்ததுகூடத் தெரியவில்லை. அந்தப் புண் ஆற நாலு மாசம் ஆனது. புண் வந்த சேதி எங்கள் வீட்டுக்குத் தெரியும். எதனால் வந்தது என்று தெரியாது. வாரம் தவறாமல் அந்த வீட்டில் சோறு தின்றவன் நான், அமைப்பியல் படிக்கிறவன். புராஜெக்ட் வராமல் இருந்தால் இன்றைக்கும் அந்தக் கதவை அளந்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வீட்டைக் கட்டியது என் அப்பா. தங்கச்சி வீடு என்று கூலி வாங்காமல் கட்டினார்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டார். "எல்லா வீட்டுக்கும் ரெண்டரை அடிதானேடா வெக்கறோம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு விடிவதற்குள் உளியும் சுத்தியுமாக அங்கே போய்விட்டார். நான்தான் சித்தாள். "மாப்ள, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று நிலையைப் பெயர்த்துக்கொண்டே கேட்டார். "உங்க கையால வெச்ச நிலையாச்சே மச்சான்" என்றார் மாமா. அப்புறம் ரெண்டு பேரும் பேசவில்லை. மூன்றரை அடி நிலை வைத்து, பூச்சு காய்ந்து, நாலாம் நாள் மாமா நாற்காலியோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அத்தை வெளியே நின்று "தாழ்ப்பா எதுக்கு, விழுந்துட்டா?" என்று கத்தியது. பதில் வரவில்லை. தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது.

இதற்குப் பிறகு பிளானை மாற்றினோம். ஜன்னல் அடிக்கட்டை ஒன்றே முக்கால் அடிக்கு இறங்கியது. முக்கியமாக, இல்லத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வீடு சேர்த்தோம். வேண்டுமென்றே எல்லாம் தப்பாக! இரண்டரை அடி நிலை, வாசப்படி, உயரமான மேடைமேல் அடுப்பு, தரையோடு பதித்த கக்கூஸ். ஊருக்குப் போவதற்கு முன்னால் வீரரும் அவர் வீட்டாரும் ஒரு வாரம் அதில் குடும்பம் நடத்த வேண்டும். எது இடிக்கிறது, எதை மாற்றவேண்டும் என்று அளவோடு எழுதி எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

வைவாவில் சார் அந்த இடத்தில் பேனாவை வைத்தார். "மத்த கதவெல்லாம் மூணு அடி திறப்பு, இது மட்டும் ஏன் குறையுது? கவனிக்கலையா?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக் கதையை எப்படிச் சொல்வது? "வேணும்னுதான் சார்" என்று ஆரம்பித்து ஏதோ உளறினேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஷீட்டைப் புரட்டினார். மார்க் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், பாஸ்!

மாமா வீட்டு வாசல் மட்டும் இன்னும் முடியவில்லை. தரைமட்டம் தெருவை விட ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி பதினெட்டு அடி ராம்ப் வேண்டும். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இருப்பது எட்டு அடி. பக்கத்துச் சந்து வழியாக ஏற்றித் திருப்பலாம். ஆனால் திரும்புகிற இடத்தில் திண்ணையில் பாதியை இடிக்கவேண்டும். அப்பா இடிக்கலாம் என்கிறார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "சாயங்காலம் நாலு பேர் வந்து குந்தறது அதுலதான். அதை எடுத்துட்டா நான் தெருவுக்குப் போயி இன்னா பண்ணப் போறேன்?" என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். மூன்றாவது டிராயிங் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். திண்ணையை நாற்காலி இருக்கையின் உயரத்துக்கே, பத்தொன்பது அங்குலத்துக்கு உயர்த்தி, சந்துப் பக்கம் ஒரு மூலையை மட்டும் வெட்டினால் மாமாவும் அதில் மாறி உட்காரலாம். திரும்பும் இடம்தான் இன்னும் நாலு அங்குலம் பற்றவில்லை.